கச்சானுக்கு எதிரே ஒரு வீடு

போன புதன்கிழமை மாலை. ஆபீஸ் முடிந்து, துறைமுகத்திலிருந்து மேற்கே சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். மிதித்தேன் என்பதுகூட மிகைதான். கால்கள் சுற்றின, சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. இறங்கித் தள்ள ஆரம்பித்தேன்.

எதிரே ஒரு வைக்கோல் வண்டி, காற்றின் தயவில் சுகமாக வந்தது. வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, சைக்கிளுக்கு நடை பழக்குதீயளோ?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் மண் போகும்.

இது கச்சான் காலம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன் — கச்சான் என்றால் மேல்காற்று. வைகாசியில் கிளம்பும். ஆடியில் ஆளைத் தூக்கும். பகலெல்லாம் செம்மண்ணை அள்ளிக்கொண்டு மேற்கிலிருந்து கடலைப் பார்த்து ஓடும். அதற்கு எதிரே, தினம் மாலை, நாற்பத்தெட்டு வயதில், நான் சைக்கிள் மிதிக்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தூத்துக்குடிக்குள் கடலோரம் இருந்த வீட்டை விட்டுவிட்டு, மீளவிட்டான் பக்கம் நானாகத்தான் குடிபோனேன்.

ஏன்?

பழைய வீட்டின் நன்மைகளை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். நான் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. எங்கள் கடல் ஆழம் குறைந்தது. ஸ்டீமர்கள் கரைக்கு வருவதில்லை. வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணியில்தான் கொண்டுபோக வேண்டும். முதல் தோணியில் ஏஜெண்டு ஆபீஸ் ஆள் ஏற வேண்டும். ஏறாவிட்டால், மானேஜர் வேறு ஆள் பார்ப்பார். எங்கள் பழைய வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகக் கொடிமரம் தெரியும். கப்பல் வந்ததற்கு அடையாளமாகக் கொடி ஏறியதைப் பார்த்தபிறகு சட்டை போட்டால் போதும்... இப்படி ஒரு வீடு எந்தக் குமாஸ்தாவுக்குக் கிடைக்கும்?

யுத்தத்தின்போது குண்டு விழும் என்று பயந்து எத்தனையோ குடும்பங்கள் ஊரைக் காலி செய்தன. நாங்கள் அசையவில்லை.

குண்டுக்கு அசையாதவர்களைப் பஞ்சு அசைத்துவிட்டது. யுத்தம் முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு மேற்கே, சுவருக்குச் சுவர், ஒரு ஜின்னிங் பாக்டரி வந்தது. பருத்தியில் கொட்டையை நீக்கிப் பஞ்சை எடுக்கிற இடம். மாசியில் வேலை ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் ஓயாது. கச்சானும் சேர்ந்துகொண்டால் பஞ்சுத் தூசு அத்தனையும் எங்கள் வீட்டுக்குத்தான். சோற்றில் பஞ்சு. காப்பியில் பஞ்சு. மூடி வைத்த தோசை மாவுக்கு மீசை முளைத்தது.

என் மனைவி பொன்னுத்தாய்க்கு மூச்சிளைப்பு வந்துவிட்டது.

பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் இரவில் படுப்பதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவாள். பகலில் நன்றாகத்தான் இருப்பதுபோல் நடமாடுவாள். ஆனால் எனக்குத் தெரியும். எப்படி? அவள் திட்டுவதை வைத்து. பொன்னுத்தாய் திட்ட ஆரம்பித்தால் முதலில் இன்றைய குற்றம், பிறகு நேற்றைய குற்றம், கடைசியில் என் தங்கை கல்யாணத்தில் நான் செய்த குற்றம் — இந்த வரிசை மாறாது. இருபத்தாறு வருஷமாகக் கேட்கிறேன். பஞ்சு வந்தபிறகு அது இன்றைய குற்றத்திலேயே நின்றுபோனது. பாதியில் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மீதியை நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அதைவிடத் துன்பம் ஒன்று உண்டா?

டாக்டர் நல்ல மனிதர். மருந்து தருகிறேன், ஆனால் அந்தப் பஞ்சை என்னால் நிறுத்த முடியாதே என்றார். இன்னொரு கச்சானை அந்த வீட்டில் கழிக்கவேண்டாம் என்றும் சொன்னார்.

தை மாதத்தில் மீளவிட்டான் பக்கம் ஒரு வீடு இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஆபீஸ் விட்டதும் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். நாலு பக்கமும் வெட்டவெளி. பின்னால் கிணறு. தண்ணீர் உப்பில்லை! ரயில்வே ஸ்டேஷன் கூப்பிடு தூரம், ஆபீஸ் நேரத்துக்குத்தான் ரயில் இல்லை. மின்சாரம் கிடையாது, ரேஷன் கடைக்கு டவுனுக்குத்தான் வர வேண்டும், மீன்காரி வரமாட்டாள். இவை குறைகள். ஆனால் தூரம் ஒரு குறையே இல்லை என்று முடிவு கட்டினேன். சைக்கிளில் ஏறினது தெரியும், இறங்கினது தெரியும். நடுவில் சிரமமே தெரியவில்லை.

பொன்னுத்தாயின் அண்ணன் தங்கவேல் கருப்பட்டி மொத்த வியாபாரி. கொழும்புக்குத் தோணியில் சரக்கு அனுப்புகிறவர். அவர் கடைக்குப் போய் இந்த நல்ல செய்தியைச் சொன்னேன். மச்சான் கருப்பட்டிச் சிப்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தினார்.

"எந்தக் காத்துல போனீய மாப்ள?"

எனக்குச் சுரீரென்றது. தையில் காற்று கடலிலிருந்து வீசும். என்னை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது அதுதான்! இருட்டித் திரும்பியபோது அது அடங்கியிருந்தது. எங்கள் ஊரில் தோணிக்காரர் யாரும் மைலைச் சொல்லித் தூரம் சொல்வதில்லை. இன்ன காற்றில் இத்தனை நேரம் என்பார்கள். கப்பல் ஆபீசில் இத்தனை வருஷம் அதையே எழுதிக்கொண்டிருக்கிற நான், சொந்த வீட்டுத் தூரத்தைக் கணக்குப் போட்டபோது காற்றை விட்டுவிட்டேன்.

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

"கச்சான்ல ஒரு தரம் மிதிச்சுட்டு வந்து பேசுங்க. சாமான் ஏத்த வண்டி நான் அனுப்புதேன். திரும்பி வாறதுக்கு வண்டியும் நானே அனுப்புதேன்."

அவர் கவலை அவருக்கு. தங்கை கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள்; இளைப்பு வந்தால் ஓடி வர ஆள் இருக்கிறது. வெட்டவெளியில் யார் இருக்கிறார்கள்?

ஆகவே கச்சானுக்குக் காத்திருந்தேன். அது வந்தது, பஞ்சையும் கொண்டு வந்தது. பொன்னுத்தாய் மேற்கு ஜன்னல்களைத் தாள் ஒட்டி அடைத்தாள். ஒட்டியது இந்தப் பத்திரிகையைத்தான். இதில் நான் எழுதும் பத்தி இருந்த பக்கம் வெளியே பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. வைகாசி வெயிலில் அடைத்த அறைக்குள் அவள் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது. ஆனாலும் கச்சானில் ஒரு தரம் அந்த வீட்டைப் பார்க்காமல் குடிபோகக்கூடாது. தள்ளிப்போடவும் முடியாது — ஆனி பிறந்துவிட்டால் யாரும் குடிபோகமாட்டார்கள், ஆடியிலும் கிடையாது. ஆவணி என்றால் அதற்குள் இந்த வருஷத்துப் பஞ்சு முழுவதையும் அவள் சுவாசித்து முடித்திருப்பாள்.

வைகாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவளை மாட்டுவண்டியில் அனுப்பிவிட்டு, நான் பின்னால் சைக்கிளில் போனேன். பின்னால்தான் போனேன். வெகு பின்னால். மாடு என்னை ஜெயித்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டின் எல்லா ஜன்னல்களும் திறந்து கிடந்தன. தரையெல்லாம் செம்மண். போச்சு, என்று நினைத்தேன். பஞ்சுக்குப் பயந்து வந்து மண்ணுக்குள் விழுந்தோமே!

பொன்னுத்தாய் பெருக்கினாள். மறுபடி மண் வந்தது. மறுபடி பெருக்கினாள். பிறகு விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி என்னிடம் திரும்பினாள். வீடு பார்க்கிற லட்சணம் இதுதானா, மேற்கே ஒரு மரம்கூட இல்லையே என்று ஆரம்பித்தாள். நேற்று வாங்கிய முருங்கைக்காய் முற்றல் என்றாள். தொடர்ந்தாள்... என் தங்கை கல்யாணத்துக்கு வந்துவிட்டாள்! கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரைப் பந்தியில் கடைசியில் உட்காரவைத்தது வரைக்கும் போய், அங்கே முடித்தாள்.

முழுதாக. ஓரிடத்திலும் நிற்காமல்.

அவளும் அதைக் கவனித்துவிட்டாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஆழமாக ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தாள். மண் கனமானது, தரையில் விழுந்துவிடுகிறது. பஞ்சு விழுவதில்லை, மிதக்கிறது, நெஞ்சுக்குள் போகிறது. அவ்வளவுதான் விஷயம்.

நான் சந்தோஷத்தில் இருந்தேன். அவள் இல்லை.

"வேண்டாங்க. இந்தக் காத்துல தினம் மிதிச்சு நீங்க படுத்துட்டா, நான் மூச்சு விட்டு என்னத்துக்கு?"

"காலையில கச்சான் என்னைப் பின்னால இருந்து தள்ளும்ளா. ஆபீசுக்கு ஒரு நாளும் பிந்தமாட்டேன். சாயங்காலந்தானே எதிர்க்காத்து? வீட்டுக்கு லேட்டா வந்தா சம்பளத்தையா பிடிப்பே?"

"கொடி தெரியாதே?"

அதற்குத்தான் நான் நிறைய யோசித்திருந்தேன். கொடி ஏறினால் புறப்படுவது என்பது பழைய வழக்கம். இனிமேல் கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் விடிகிற நேரத்தில், தோணி புறப்படுகிற துறைமுகப் பாலத்தில் நிற்பேன். கொடியை நான் பார்ப்பதற்குப் பதில் கொடி என்னைப் பார்க்கட்டும். இதைச் சொன்னதும் அவள் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் இறைத்தாள். தானே இறைத்தாள்.

அந்த வாரமே குடிவந்துவிட்டோம். மச்சான் சொன்னபடி வண்டி அனுப்பினார். சாமான் இறக்கியதும், மறு வண்டி எப்போது வேண்டும் என்று கேட்டு வரச் சொன்னதாக வண்டிக்காரன் சொன்னான். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

போன ஞாயிறு மச்சானே வந்தார். கச்சானுக்கு எதிரே வில்வண்டியில். இறங்கியபோது மீசை, புருவம், துண்டு எல்லாம் ஒரே செம்மண். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். தங்கை கோழி அடித்துக் குழம்பு வைத்துப் பரிமாறிக்கொண்டே ஓயாமல் பேசுவதைக் கேட்டபடி சாப்பிட்டார். புறப்படும்போது என்னிடம் சொன்னார்:

"வீடு நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஊருதான் தூரமாப் போச்சு."

போகட்டும். ஊரை விட்டு வெளியே போகலாமா என்று யோசிக்கிற வாசகர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நன்மை தீமைகளை எவ்வளவு வேண்டுமானாலும் எடை போடுங்கள். ஆனால் போய்ப் பார்ப்பது அந்த ஊரின் நல்ல மாதத்திலா கெட்ட மாதத்திலா என்று முதலில் பாருங்கள். கெட்ட மாதத்திலும் வாழலாம் என்று தோன்றினால், அப்புறம் யார் சிரித்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

புதன்கிழமைக்கு வருகிறேன். வண்டிக்காரர் போனபிறகு மீதித் தூரத்தையும் தள்ளியே வந்து சேர்ந்தேன். பொன்னுத்தாய் வாசலில் நின்றிருந்தாள். ஏன் இத்தனை நேரம், மண்ணெண்ணெய் வாங்கினீயளா, சட்டையைப் பாருங்க செங்கல் சூளையில இருந்து வந்த மாதிரி, நேத்தும் இதே கதைதானே என்று ஆரம்பித்து, என் தங்கை கல்யாணத்தின் பந்தி வரைக்கும் ஒரே மூச்சில் வந்துவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள்.

நான் சைக்கிளைப் பிடித்தபடி, கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினேன். எங்கள் வீட்டில் இப்போது மூச்சு வாங்குவது நான் ஒருவன்தான்.