ஜீப்பு ஏற்றிவிட்ட கோபுரம்

2024 ஆகஸ்ட் 12 – பழைய மெத்தை நான்கு, ரூ. 1,600
செப்டம்பர் 3 – சீருடைத் துணி 38 மீட்டர், ரூ. 4,560
டிசம்பர் 13 – மதுரைக்கு ரயில், பதினெட்டுப் பேர், ரூ. 810
டிசம்பர் 14 – சந்திரவல்லியின் தொண்டைக்குச் சுக்குக் காப்பி, ரூ. 15

பள்ளிக் கணக்கு நோட்டில் அந்தக் கடைசிச் செலவு வீண். அந்தத் தொண்டைக்கு ஒன்றும் ஆகாது. போடி ஜீப்பு நிறுத்தத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆள் ஏற்றிவிடும் தொண்டை அது. "ஏறு, ஏறு! ஒதுங்கு! புடி! போலாம் ரைட்டு!" என்று கத்தி, ஜீப்பின் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினால் அடுத்த தெருவில் மாடு விலகி நிற்கும்.

குரங்கணிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலை தேடி வந்த ஜார்க்கண்ட் குடும்பங்களின் பிள்ளைகள் பதினாறு பேர், ஒரே ஜீப்பில் போடிப் பள்ளிக்கு இறங்குவார்கள். சாயங்காலம் அவர்களை அடைத்து மேலே அனுப்புவது சந்திரவல்லியின் சோலி. ஒருநாள் பிள்ளைகளைக் காணோம். தேடிக்கொண்டு பள்ளிக்கே போனாள்.

மைதானத்தில் உடற்கல்வி ஆசிரியை தேவி விசிலைக் கடித்தபடி நின்றாள். மெத்தைமேல் பிள்ளைகள் குவியலாகக் கிடந்தார்கள்.

"என்னா டீச்சர், புள்ளைகளைக் கதிரடிச்சு வச்சிருக்கீக?"

"சியர்லீடிங் அக்கா. போட்டிக்குப் போறோம்."

"சேரா? ஒண்ணைக்கூடக் காணோமே!"

தேவி சிரித்துக்கொண்டே விளக்கினாள். கோஷம் போட்டு, கரணம் அடித்து, ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கோபுரம் கட்ட வேண்டும். அதற்கு மார்க் உண்டு. "நான் தமிழ்ல ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுறேன், இதுகளுக்குப் புரியலை. ஒருத்தி ஏறுறப்ப ஒருத்தன் எறங்குறான்."

ஜீப்புக்கு நேரமாகிவிட்டது. சந்திரவல்லி பொறுமையிழந்து, "ஏறு, ஏறு! ஒதுங்கு! புடி!" என்று கத்தினாள். அவள் கூப்பிட்டது ஜீப்புக்கு. பிள்ளைகளோ அன்றாடம் ஜீப்பில் அடையும் வரிசைப்படி, பெரியவர்கள் கீழே, நடுத்தரம் தொடைமேல், உச்சியில் எட்டு வயது புத்னி என்று ஏறி நின்றுவிட்டார்கள். கோபுரம் அசையவில்லை. தேவியின் வாயிலிருந்து விசில் விழுந்தது.

மறுநாளிலிருந்து இரண்டாவது பயிற்சியாளர் சந்திரவல்லி.

மதுரைப் போட்டியில் முதல் மூன்று இடம் பிடிக்கும் அணிகளுக்குச் சென்னையில் இறுதிப்போட்டி. பிள்ளைகளில் யாரும் கடல் பார்த்ததில்லை. அம்மாவுக்குக் கடல்தண்ணீர் கொண்டுவர, புத்னி ஒரு பாட்டிலைக் கழுவியே வைத்துவிட்டாள்.

ஆனால் ஆட்டம் நடக்கும்போது அணிக்கு வெளியே இருந்து யாரும் கட்டளை கொடுக்கக் கூடாது என்பது விதி. "அக்கா, நீங்க வாயைத் தெறந்தா நாம அவுட்டு" என்றாள் தேவி. மதுரை அரங்கில் சந்திரவல்லி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கோபுரம் எழுந்தது. உச்சியிலிருந்து புத்னி, அப்படியே சந்திரவல்லியின் குரலில் கூவினாள்: "ஒதுங்குய்யா! மாமியா வீடுன்னு நெனப்பா? புடி!"

அரங்கமே வெடித்துச் சிரித்தது. பூரித்துப்போன சந்திரவல்லிக்கு வாய் அடங்கியது, கை அடங்கவில்லை. பக்கத்திலிருந்த தகரத் தடுப்பில் டப், டப் என்று தட்டிவிட்டாள்.

இரண்டு தட்டு என்றால் வண்டி கிளம்பப் போகிறது. பதினாறு பேரும் சரசரவென்று மடிமேல் மடியாக உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவில் சாய்வதுபோல இடமும் வலமும் சாய்ந்தார்கள். பயிற்சியில் இல்லாத வித்தை! நடுவர்கள் எழுந்து கைதட்டினார்கள். மூன்றாம் பரிசு.

நான்காவதாக வந்த அணி புகார் கொடுத்தது: தகரம் தட்டியதும் கட்டளைதான். முடிவு கடிதத்தில் வரும் என்றார்கள் போட்டி நடத்தியவர்கள்.

அன்றிலிருந்து சந்திரவல்லி எந்த ஜீப்பையும் தட்டவில்லை.

"யக்கா, தட்டுனாத்தானே வண்டி நகரும்" என்றான் ஓட்டுநர் சின்ராசு.

"தட்டித்தான்டா எம்புள்ளைக கடலைக் கெடுத்தேன். பேசாமப் போப்பு."

புத்னி தினமும் பாட்டிலோடு வந்து கேட்பாள், தோட்டத்து மலையாளம் கலந்து: "அக்கா, கடல் உண்டோ?"

முதல் கடிதம் விளக்கம் கேட்டது. தேவி எழுதி அனுப்பினாள். இரண்டாவது, விசாரணை நடப்பதாகச் சொன்னது. மூன்றாவதை தேவி ஜீப்பு நிறுத்தத்துக்கே ஓடிவந்து படித்தாள்: "தட்டியது விதிமீறல். இரண்டு மார்க் குறைக்கப்படுகிறது. குறைத்த பிறகும் உங்கள் அணி மூன்றாம் இடத்திலேயே உள்ளது. சென்னைக்கு வரவும். அந்த அம்மாளையும் அழைத்து வரலாம். தகரத்தின் பக்கம் உட்கார வைக்க வேண்டாம்."

சந்திரவல்லி சின்ராசின் ஜீப்பில் ஓங்கித் தட்டினாள்: டப், டப்! ஓர் ஆள்கூட ஏறாத அந்த வண்டி, பழக்கதோஷத்தில் மலையடிவாரத்து முந்தல் வரை போய்விட்டுத்தான் திரும்பியது.

கடைசிக் கடிதம் வந்த நாள்: 2025 பிப்ரவரி 17, திங்கட்கிழமை.