தலைசுற்றலை வரவழைத்த குமுதவல்லி

"சார், அக்கா போயிடுச்சு" என்று குமுதவல்லி அவர்களின் தம்பி ஏழுமலை போனில் சொன்னபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். "எங்கே?" என்று கேட்டேன். மறுமுனையில் அவர் அழுத பிறகுதான் புரிந்தது.

வல்லத்தில், படுக்கையைவிட்டு எழப் பயப்படும் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு முந்தைய நாள் மாலை அவர் அக்கா ஸ்கூட்டரில் செஞ்சிக்குத் திரும்பியிருக்கிறார். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி மோதியிருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட் குமுதவல்லி அவர்களுக்கு ஐம்பத்திரண்டு வயது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு கெட்டு, நிற்கவும் நடக்கவும் தடுமாறுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து மறுபடி நடக்கவைப்பது அவர் வேலை. ஊர் அவரைத் 'தலசுத்து மேடம்' என்றது. அவரிடம் நடக்கக் கற்றுக்கொண்டு போனவர்களில் பலர் வாட்ஸ்அப்பில் மெழுகுவத்திப் படம் போட்டிருக்கிறார்கள். அடக்கத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இதைச் சொல்லும் தகுதி எனக்கும் குறைவுதான். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இடது காதின் நரம்பு பழுதானது. கரும்பலகையிலிருந்து மாணவர்கள் பக்கம் திரும்பினால் வகுப்பறை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். ஒருநாள் மேசையோடு சாய்ந்தேன். காலையிலேயே குடித்துவிட்டு வருகிறார் என்று ஆசிரியர் அறையில் பேச்சு கிளம்பியது. பேசியவர்கள் பதினெட்டு வருடம் என்னோடு டீ குடித்தவர்கள். நிர்வாகம் என்னை ஓய்வெடுக்கச் சொன்னது, திரும்ப அழைக்கவே இல்லை. பேசியவர்களின் பெயர்களை இன்றும் வரிசையாகச் சொல்வேன்.

காது மருத்துவர் என்னைக் குமுதவல்லி அவர்களிடம் அனுப்பினார். அப்போது அவர் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தார். சுவரில் கண் உயரத்தில் ஓர் அட்டை, அதில் 'அ' என்று ஒரே எழுத்து. அதைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும்.

"தலை ஆடட்டும் சார். எழுத்து ஆடக் கூடாது."

எழுத்து ஆடியது. சுவர் ஆடியது. வாந்தி எடுத்தேன். அவர் பேசின் ஒன்றை நீட்டிவிட்டு, "நல்லது" என்றார்.

"இதுல என்னம்மா நல்லது?"

"கிறுகிறுப்பு வந்தாத்தான் சார் மூளைக்குத் தப்பு எங்க இருக்குதுன்னு தெரியும். தெரிஞ்சாத்தான் அது திருத்திக்கும். தலையை ஆட்டாம பொத்திப் பொத்தி வெச்சா கத்துக்கவே கத்துக்காது."

அடுத்து, தடித்த ஸ்பாஞ்சு மெத்தையில் ஏறிக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். பிடித்துக்கொள்ளக் கை நீட்டினேன். அவர் கை கொடுக்கவில்லை. "நான் பின்னால இருக்கேன் சார்" என்றார். அது அவருடைய முறை. முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் நிற்பார். விழப்போனால்தான் தொடுவார்.

அவர் காலனியிலிருந்து படித்து மேலே வந்தவர் என்பது எனக்குத் தெரியும். அவர் கை கொடுக்காததை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டதில் அதற்கும் பங்கு உண்டு. அன்று கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

இரண்டு மாதமாகியும் முன்னேற்றமே இல்லை. காரணம் எனக்கு மட்டும் தெரியும். மருத்துவர் சில நாட்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்த தலைசுற்றல் மாத்திரையைக் கடையில் தொடர்ந்து வாங்கினேன். பயிற்சிக்குப் போகும் முன் ஒன்று போட்டுக்கொள்வேன். ஒரு பெண்ணின் முன்னால் மறுபடியும் வாந்தி எடுக்க எனக்கு இஷ்டமில்லை. மூளை எதைக் கற்க வேண்டுமோ அதை மாத்திரை மறைத்துவிட்டது. "மாத்திரை எதனா போடறீங்களா சார்?" என்று அவர் இருமுறை கேட்டார். இருமுறையும் இல்லை என்றேன்.

அதன் பிறகு மருத்துவமனைக்கு ஒரு புகார் எழுதினேன். நோயாளிகளுக்கு வேண்டுமென்றே தலைசுற்றலை உண்டாக்குகிறார், தடுமாற விட்டு வேடிக்கை பார்க்கிறார் என்று இரண்டு பக்கம். கீழே என் பட்டங்கள் அனைத்தையும் போட்டுக் கையெழுத்திட்டேன். அடுத்த மாதமே அவரை அனுப்பிவிட்டார்கள். என் கல்லூரி விசாரிக்காமல் எனக்கு எதைச் செய்ததோ, அதையே நான் அவருக்குச் செய்ய வைத்தேன்.

ஒரு வருடம் கழித்து பஸ் படியிலிருந்து விழுந்து பல் உடைந்தது. இந்தப் பயிற்சிக்குச் செஞ்சியில் அந்த அம்மா ஒருவர்தான் என்று மருத்துவர் மறுபடியும் சொன்னார். குமுதவல்லி அவர்கள் திண்டிவனம் சாலையில் டயர் கடைக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். அதே 'அ' அட்டை, அதே மெத்தை. மற்றவர்கள் போகும்வரை என்னை உட்காரவைத்தார்.

"உங்க லெட்டரைப் படிச்சேன் சார்."

அவரே தொடர்ந்தார்.

"ரெண்டு பக்கம். ஒரு வரிகூட கோணலா இல்ல. தலை சுத்துறவர் கையெழுத்து அவ்ளோ நேராப் போகாது. மாத்திரை போட்டுட்டுத்தானே எழுதுனீங்க?"

"ஆமாம்."

"எங்கிட்ட வரும்போதும்?"

"ஆமாம்."

"அதான பார்த்தேன். தப்பு எங்கிட்டதானோன்னு ஒரு வருஷமா மண்டைய ஒடச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். டாக்டரிடம் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டுத் திங்கட்கிழமை வரச் சொன்னார். அவ்வளவுதான்.

வேலை போனதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. தலையைத் திருப்பிக்கொண்டிருந்த ஒரு நாள் நானே, "என்னை மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன். "எழுத்து மேல கண்ணை வைங்க சார்" என்றார். அந்தப் பதில் எனக்கு மனத்தாங்கலாகவே இருந்தது. மனத்தாங்கல்களைச் சேர்த்து வைப்பதில் நான் கெட்டிக்காரன்.

காலைப் பார்க்காமல் நடக்கும் பயிற்சியின்போது தன் ஊரைப் பற்றி ஒருமுறை சொன்னார். "எங்க சுடுகாட்டுக்குப் பாதை கெடையாது சார். அடுத்தவங்க வயல் வரப்பு மேலதான் பொணம் போவும். நாலு பேர் போக எடம் இல்ல, முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர். பின்னால புடிக்கிறவருக்குத் தன் காலே தெரியாது, பாடை மறைச்சிடும். எதிர்ல ஒத்தைப் பனை ஒண்ணு இருக்குது, அதைப் பார்த்துக்கிட்டே நடப்பாங்க. எங்க நைனா அப்பிடித்தான் போனாரு. காலேஜ்ல இதைப் பாடமா நடத்துனப்ப, இது எனக்கு முன்னாடியே தெரியுமேன்னு நெனச்சேன்."

ஐந்தாவது மாதம் நெரிசலான நேரத்தில் பஸ் நிலையத்தைக் குறுக்காகக் கடந்தேன். அவர் ஒரு முழ தூரத்தில் பின்னால் வந்தார். நான் யார் மீதும் மோதவில்லை.

அடக்கத்துக்கு அவருடைய ஊருக்குப் போனேன். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று ஏழுமலை கேட்டுக்கொண்டார். அவர் அங்கேதான் வாழ்ந்தாக வேண்டும். பாதை கேட்டு அவர்கள் கொடுத்த மனுக்கள் எந்த மேசையில் கிடக்கின்றனவோ தெரியாது. உடல் வந்த வண்டி தார்ச்சாலையோடு நின்றது. எதிரே நடவு முடிந்த வயல், தண்ணீர் நிற்கிறது. வயல்காரர் என் சாதிக்காரர், தூரத்து உறவு. பம்ப் செட்டருகே நின்றுகொண்டு, "நாத்து மேல ஒரு காலு படக் கூடாது, சொல்லிட்டேன்!" என்று கத்தினார். என்னைப் பார்த்ததும், "நீ இன்னாய்யா இங்க?" என்றார்.

"பின்பக்கம் நான் பிடிக்கிறேன்" என்று ஏழுமலையிடம் சொன்னேன்.

"வேணாம் சார். மழை பேஞ்சி வழுக்குது. நீங்க வுழுந்தா அக்காவும் வுழும்."

"தலசுத்து பேஷண்டுப்பா அவரு" என்றார் பக்கத்திலிருந்த ஒருவர்.

"உங்க அக்காதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாங்க. கிணற்று மேடு வரைக்கும் விடுங்க."

ஏழுமலை முன்பக்கம் போய்ப் பாடைக் கழிகளைப் பிடித்தார். நான் தலைமாட்டில் நின்றேன். தூக்கியதும் என் கால்கள் மறைந்துவிட்டன. கண்ணுக்கு எட்டியது மாலை, ஏழுமலையின் முதுகு, அதற்கு அப்பால் அந்தப் பனை. சுமக்கும் கையோடு நான் பயிற்சி எடுத்ததில்லை. பாதி தூரத்தில் இடது கால் சறுக்கி நாற்றுக்குள் இறங்கியது. பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னாலிருந்து வயல்காரரின் வசவு வந்தது, என் அம்மாவையும் சேர்த்து. நான் குனிந்து பார்க்கவில்லை. சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி வரப்பில் வைத்தேன். "நான் பின்னால இருக்கேன் மேடம்" என்றேன். ஏழுமலைக்குக் கேட்டிருக்கும், அவர் திரும்பவில்லை.

கிணற்று மேட்டில் வேறு இருவர் வாங்கிக்கொண்டார்கள். எனக்குத் தலை சுற்றவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். வயலும் வானமும் சுற்றின. பனை மட்டும் ஆடவில்லை.

போய் வாருங்கள், மேடம். இந்தக் கட்டுரையை மாத்திரை போடாமல் கையால்தான் எழுதியிருக்கிறேன். வரிகள் கோணலாகத்தான் இருக்கின்றன.