வசனம் ஒட்டிய ஐஸ் பெட்டி

கோயில்பிள்ளை முத்தையாபுரத்தில் ஓர் உப்பு குடோனுக்கு இரவுக் காவல்காரர். வயது ஐம்பத்தாறு. பகலில் தூங்க வேண்டிய மனிதர். ஆனால் ஒன்பது வருஷமாக அவர் எந்தப் பகலையும் நம்பித் தலையைச் சாய்த்ததில்லை. அவர் போகிற கிறிஸ்தவ சபையின் ஐஸ் பெட்டிக்கு எப்போது அழைப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது.

இறந்தவர் உடலை வைக்கிற ஃப்ரீசர் பாக்ஸைத்தான் அந்தப் பக்கத்தில் ஐஸ் பெட்டி என்பார்கள். சபைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அது நிற்கும். சாவி கோயில்பிள்ளையிடம். போன் வந்தால் எழுந்து, இஞ்ஞாசியின் லோடு ஆட்டோவைக் கூப்பிட்டு, பெட்டியை ஏற்றி, வீட்டில் இறக்கி, குளிர் ஏறும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு வருவார். எல்லாம் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து பினாயில் போட்டுக் கழுவி வெயிலில் திறந்து வைப்பார். வாடகை கிடையாது. எந்தச் சாதி, எந்தக் கோயில் என்று கேட்பதும் கிடையாது. முஸ்லிம் வீடுகளுக்கு மட்டும் அது அநேகமாகப் போனதில்லை. அவர்கள் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள்.

அந்தப் பெட்டியை வாங்கச் சொல்லிச் சபையில் எழுந்து நின்றவரும் அவர்தான். நாலு பேர் முன்னால் அவர் வாய் திறந்து பேசியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவருடைய தம்பி துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழவில்லை. தங்கை மும்பையிலிருந்து வந்து சேர ஒன்றரை நாள் ஆகும் என்றார்கள். சித்திரை வெயில். மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில், மீனுக்கு உடைத்துப் போடுகிற ஐஸ் பாளங்களை வாங்கிவந்து உடலைச் சுற்றி உமியோடு அடுக்கினார்கள். கரைந்த தண்ணீர் வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடியது. துக்கம் கேட்க வந்த பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டி உள்ளே வந்தார்கள். அந்தத் தண்ணீரில் மீன் வாடை இருந்தது. தம்பியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அவருக்கு அவன் முகம் வருவதற்கு முன்னால் அந்த வாடைதான் வரும்.

அதனால்தான் பெட்டி. வேறு பெரிய தத்துவம் எதுவும் அவரிடம் இல்லை.

போன மாதம் பாஸ்டர் ரூபன் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ரூபனுக்கு முப்பத்திரண்டு வயதுதான். காலையில் மூன்று வீட்டு ஜெபம், மதியம் ஆஸ்பத்திரி, சாயங்காலம் உபவாசக் கூட்டம் என்று அலைந்து கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அண்ணாச்சி, தப்பா எடுக்காதீங்க. ஒன்பது வருஷமா எத்தனை வீட்டுக்குப் பெட்டி போயிருக்கும்? ஒரு வீட்டுலயாவது ஆண்டவர் பேரைச் சொன்னீங்களா?"

கோயில்பிள்ளை யோசித்துப் பார்த்தார். "இல்ல, பாஸ்டர்."

"போன வாரம் மார்க்கெட்ல ஒருத்தர் என்னைப் பார்த்து, ஐஸ் பெட்டிக்காரங்க சபையாங்கிறாரு. நம்மளுக்கு அதான் பேரு. ஐஸ் பெட்டிக்காரங்க. நாம எதுக்கு இருக்கோம்னு ஊருக்குத் தெரியலையே."

"சாவு விழுந்த துட்டி வீட்டுல போயி எப்படி பாஸ்டர்?"

"துட்டி வீட்டுல சொல்லாம வேற எங்க சொல்றது? கல்யாண வீட்டுல நம்ம பேச்சை எவன் கேப்பான்?"

பாஸ்டர் சொன்னதில் தப்பு ஏதும் இருப்பதாக கோயில்பிள்ளைக்குத் தெரியவில்லை. உயிர்த்தெழுதலை அவரும் நம்புகிறவர்தான். தம்பியை ஒரு நாள் திரும்பப் பார்ப்போம் என்ற நம்பிக்கையில்தான் குடோன் வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்.

கமிட்டியில் முடிவாகிவிட்டது என்றார் பாஸ்டர். பெட்டியின் பக்கவாட்டில் பைபிள் வசனம் ஒட்ட வேண்டும். வீட்டில் இறக்கியதும் பத்து நிமிஷம் ஒரு வார்த்தை சொல்லி ஜெபம் செய்ய வேண்டும். கோயில்பிள்ளைக்குச் சங்கடமாக இருந்தால் சாவியை வாலிபர் சங்கத்திடம் கொடுத்துவிடலாம். அவர்கள் பேசுவார்கள்.

சாவியைக் கொடுத்துவிடலாம் என்றுதான் அன்று அவருக்குத் தோன்றியது. படுத்தால் தூக்கம் வரும். ஆனால் வாலிபர் சங்கத்துப் பையன்கள் மைக்கோடு போய் நிற்பதை நினைத்துப் பார்த்தார். இரண்டு வீட்டில் பேசினால் மூன்றாவது வீட்டுக்காரன் கூப்பிடமாட்டான். மறுபடியும் மீன் ஐஸ்தான். சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டார்.

இன்னொன்றும் அவரை அரித்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிச்சம்மாள் என்றொரு கிழவி, புருஷன் உடம்பைப் பெட்டியில் வைத்த பிறகு, "நீங்க கும்பிடுத சாமிகிட்ட இவருக்காவ ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று கேட்டாள். பாஸ்டரை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து தூங்கிவிட்டார். பாஸ்டரிடம் சொல்ல மறந்தே போனார். அடுத்தவர் வீட்டில் நம் சாமியைத் திணிக்கக் கூடாது என்பதற்காகத்தான் பேசாமல் இருக்கிறோமா, இல்லை பேசுவதற்கும் தெம்பில்லாமல் இருக்கிறோமா? யோசிக்க யோசிக்க இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று பிடிபடவில்லை.

நீல எழுத்தில் வசனம் ஒட்டிய நாலாவது நாள் காலையில் போன் வந்தது. ஸ்பிக் நகர் போகிற ரோட்டில், உப்பளத்தில் வேலை பார்த்த நல்லக்கண்ணு. மூன்று வருஷமாகப் பக்கவாதத்தில் கிடந்தவர். மூத்த மகன் மஸ்கட்டிலிருந்து வர வேண்டும். மறுநாள் மதியம்தான் எடுப்பார்கள்.

பெட்டியை ஏற்றும்போது இஞ்ஞாசி நீல எழுத்துகளைக் குனிந்து பார்த்தான். அவன் பனிமய மாதா கோயில்காரன், கத்தோலிக்கன்.

"என்னவே, பெட்டிக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சா?"

"கட்டுத கயித்த ஒழுங்காக் கட்டுவே."

"கட்டுதேன். பிரசங்கம் எத்தனை நேரம்? வெயிட்டிங் உண்டுமா?"

வாசலிலேயே இளைய மகன் சிவப்பிரகாஷ் எழுத்தைப் படித்துவிட்டான். இருபத்தைந்து வயதிருக்கும். அழுது கண் சிவந்திருந்தது.

"அண்ணாச்சி, எங்கப்பா சுடலைச் சாமிக்குப் பத்து வருஷம் கொடை எடுத்த ஆளு. இதை ஒட்டிக்கிட்டு உள்ள வாரீய. சொந்தக்காரன் நாளைக்கு என்ன கேப்பான்? செத்த பிறவு மதம் மாத்திட்டியான்னு கேப்பானா மாட்டானா?"

"வேற பெட்டி விசாரிச்சியாப்பா?"

"விசாரிச்சேன். நாலு கடையிலயும் வெளிய போயிருக்கு."

கோயில்பிள்ளை அறையைப் பார்த்தார். சின்ன அறை. தலை தெற்கே இருக்க வேண்டும், அதனால் பெட்டியைத் திருப்பிப் போட முடியாது. ஆனால் மேற்குச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டால் எழுத்து சுவர்ப்பக்கம் போய்விடும். தள்ளினார்கள். எழுத்து மறைந்தது. சிவப்பிரகாஷ் தலையாட்டினான். பத்து நிமிஷப் பேச்சைப் பற்றி கோயில்பிள்ளை மூச்சுவிடவில்லை. இரவு முழுக்க விழித்த கண் எரிந்தது. ஸ்விட்சைப் போட்டார், விளக்கு எரிந்தது, குளிர் ஏறும்வரை நிற்காமல் கிளம்பிவிட்டார். ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மதியம் இரண்டு மணிக்குத் தூக்கத்தில் போன் அடித்தது.

"அண்ணாச்சி, பெட்டி குளிரல. கண்ணாடி வேர்க்குது."

அவர் போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்கு அடியிலிருந்து மெலிதாகத் தண்ணீர் வடிந்து தரையில் ஒரு கோடு போட்டிருந்தது. தரையில் மல்லாந்து படுத்து, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் கையை விட்டார். கை சுட்டது. கம்ப்ரசரின் சூட்டுக்காற்று வெளியேறுகிற ஜன்னல் வசனம் ஒட்டிய அதே பக்கத்தில்தான் இருக்கிறது. சுவரோடு ஒட்டித் தள்ளியதில் அது அடைபட்டு, கம்ப்ரசர் சூடேறி நின்றிருந்தது. பெட்டியோடு ஒன்பது வருஷம் பழகிய ஆளுக்கு அது தெரியாததல்ல. எழுத்தை மறைக்கிற அவசரத்தில் இறந்தவரை மறந்துபோனார்.

"நடுவுக்கு இழுக்கணும் தம்பி. மூணு அடியாவது இடம் வேணும்."

"அப்ப எழுத்து தெரியுமே. வேட்டியப் போட்டு மூடிருவமா?"

"துணி போட்டாலும் மூச்சு முட்டும்."

பெட்டியை இழுத்தார்கள். நீல எழுத்து அறையைப் பார்த்து நின்றது. சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சிவப்பிரகாஷ் அடுப்படிக்குப் போய் அரிவாள்மணைப் பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்துவந்தான்.

"சுரண்டிரட்டுமா, அண்ணாச்சி?"

கமிட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு நிமிஷம் கோயில்பிள்ளையின் மனசில் ஓடியது. பிறகு அதை யோசிக்கவும் அவருக்குத் தெம்பில்லை. "சுரண்டிக்கோ. கண்ணாடியில படாம சுரண்டு."

"ஏலே, நில்லு." தலைமாட்டில் இருந்த பேச்சி சொன்னாள். நல்லக்கண்ணுவின் மனைவி. மூன்று வருஷம் புருஷனைப் புரட்டிப் படுக்க வைத்துத் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. "ஓசியில வந்த பொருளைச் சுரண்டுதியே, அதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்தியா? அண்ணாச்சி, எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன போட்டிருக்கு?"

கேட்டுவிட்டாள். சிவப்பிரகாஷ் கத்தியோடு நின்றான். கோயில்பிள்ளைக்குப் பிச்சம்மாள் நினைவு வந்தது. இந்தத் தடவை பாஸ்டரை அனுப்புகிறேன் என்று சொல்ல முடியாது.

"செத்தவங்க ஒரு நாள் எந்திரிப்பாங்கன்னு போட்டிருக்கும்மா. ஏசுவை நம்புனவங்க செத்தாலும் பிழைப்பாங்கன்னு. நாங்க அப்படி நம்புதோம். எந்தம்பி செத்தப்ப எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

அவ்வளவுதான் வந்தது. அரை நிமிஷம்கூட இருக்காது.

பேச்சி கண்ணாடி வழியாகப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். கம்ப்ரசர் மறுபடி உறும ஆரம்பித்திருந்தது.

"ஒங்க சாமி நல்ல சாமியாத்தான் இருக்கணும், அண்ணாச்சி. ஆனா இவரை எழுப்பிராதிய. மூணு வருஷம் ஒரு ராத்திரி கண்ணை மூடல. இப்பதான் அசந்து தூங்குதாரு. எனக்கும் இன்னைக்குத்தான் கை சும்மா இருக்கு."

ஒரு பெண் இருமலில் சிரிப்பை மறைத்தாள். இன்னொருத்தி பெரிதாக அழுதாள். சிவப்பிரகாஷ் கத்தியை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போனான். கோயில்பிள்ளை கண்ணாடி தெளியும்வரை அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னது மறுப்பா, வேறு ஏதாவதா என்று அவருக்கு விளங்கவில்லை. தன்னையும் யாரும் எழுப்பாமல் விட்டால் தேவலை என்று மட்டும் இருந்தது. சாயங்காலம் மாலைகள் வந்து விழுந்து, பெட்டியின் விளிம்பில் தொங்கிப் பாதி எழுத்தை மறைத்தன. காற்று போகிற ஜன்னல் பக்கம் மாலை விழாமல் சிவப்பிரகாஷே விலக்கிவிட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் தகனம் முடிந்து பெட்டி திரும்பியது. கொட்டகை வாசலில் கோயில்பிள்ளை அதைக் கழுவிக்கொண்டிருந்தபோது பாஸ்டர் ரூபன் வந்தார். எழுத்துகளுக்கு மேல் ஒட்டிக் கிடந்த அரளிப்பூ இதழ்களைப் பார்த்தார்.

"அந்த வீட்டுல சொன்னீங்களா, அண்ணாச்சி?"

"கேட்டாங்க. சொன்னேன்."

பாஸ்டரின் முகம் மலர்ந்தது. "என்ன சொன்னாங்க?"

"எழுப்பாதீங்கன்னு சொன்னாங்க." நடந்ததை எல்லாம் சொன்னார். எழுத்தைச் சுவர்ப்பக்கம் தள்ளியதையும், பெட்டி சூடேறி நின்றதையும், சுரண்டிக்கொள் என்று சொன்னதையும் மறைக்கவில்லை.

ரூபன் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில எங்கிட்டயும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார். "எழுந்திரிக்கணும்னு ஜெபிக்காதீங்க, சீக்கிரம் போகணும்னு ஜெபிங்கன்னு. நான் அதை யார்கிட்டயும் சொன்னதில்ல."

கோயில்பிள்ளை ஈரக்கையை வேட்டியில் துடைத்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, பெட்டியின் மேல் வைத்தார்.

"போன் வந்தா மொதல்ல பெட்டி போவும், பாஸ்டர். கேட்டா சொல்லுதேன். இனிமே ஓடி ஒளிய மாட்டேன். கேக்காத வீட்டுல என்னால முடியாது. எழுத்து இருக்கட்டும், சங்கடம்னு சொல்லுத வீட்டுல காத்து போவ இடம் விட்டுட்டு ஒரு மறைப்பு வச்சுக்கிடுதேன். அது சரிப்படாதுன்னா சாவிய எடுத்துக்கிடுங்க. நான் தூங்கவாவது செய்வேன்."

பாஸ்டர் சாவியைப் பார்த்தார். எடுக்கவில்லை. கமிட்டியில் யார் யார் என்ன சொல்வார்கள் என்று அவர் மனசுக்குள் ஓடுவது முகத்திலேயே தெரிந்தது.

அப்போது கோயில்பிள்ளையின் போன் அடித்தது. தாளமுத்து நகரில் ஒரு வீடு. "வாரோம்" என்று சொல்லி வைத்தார். இஞ்ஞாசிக்குப் போட்டார். ஹார்பரிலிருந்து கிளம்பிவிட்டதாகவும், தூக்குகிற பையன் இன்றைக்கு வரவில்லை என்றும் இஞ்ஞாசி சொன்னான்.

ரூபன் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டார். சாவியை எடுத்து கோயில்பிள்ளையிடம் நீட்டினார்.

"கமிட்டிகிட்ட நான் பேசிக்கிடுதேன். பேசித்தான் பாக்கணும். இப்ப நான் எந்தப் பக்கம் பிடிக்க?"

"கால்மாட்டுப் பக்கம். அங்கதான் கம்ப்ரசர் இருக்கு, கனம் அங்கதான்" என்றார் கோயில்பிள்ளை. "முதுகை வளைக்காம, முழங்காலை மடக்கித் தூக்குங்க."