தண்ணியில் விழுந்த தீவு

என் அண்ணனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இப்போதைக்கு இல்லை. சொத்துத் தகராறா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்றே சொல்லிவிடுகிறேன். ஒரு தீவு விஷயமாகத்தான் பேச்சுவார்த்தை இல்லை என்றால், தூத்துக்குடிக்காரர்கள் முயல் தீவா என்று கண்ணை விரிப்பார்கள். இல்லை, உள்ளங்கை அகலத் திரைக்குள் இருக்கிற தீவு என்றால் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களிடம் எனக்கு மேற்கொண்டு பேச்சில்லை.

நான் கல்லூரி முடித்த வருஷம், துபாயில் இருக்கும் தாய்மாமா லீவுக்கு வந்தபோது கையில் வைத்து விளையாடும் கேம் மெஷின் ஒன்றை வாங்கி வந்தார். எனக்கு என்று சொல்லி என் கையில்தான் கொடுத்தார். அண்ணனுக்குக் கைக்கடிகாரம். அவன் அன்றைக்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அதில் இருந்தது ஒரே விளையாட்டு. ஆளில்லாத தீவில் நம்மை இறக்கிவிடுவார்கள். களை பிடுங்கி, மரம் வைத்து, வீடு கட்டி, பூனை, கரடி, ஆடு என்று அக்கம்பக்கத்தாரைக் குடியேற்ற வேண்டும். கடலில் முங்கிச் சிப்பி எடுக்கலாம். யோகம் இருந்தால் முத்து கிடைக்கும். முத்துக்கு ஊரே பேர்போன இடத்தில் பிறந்தும் நான் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. பொம்பளப் பிள்ளையை யார் இறங்க விட்டார்கள்? அந்தத் தீவில் மட்டும் ஆசைதீர முங்கினேன். வேலைக்கான பரீட்சைகளுக்குப் படித்துக்கொண்டும், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி நீட்டிக்கொண்டும் இருந்த காலம் அது. மற்ற நேரமெல்லாம் தீவில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணாகத் திரிந்தேன். கரையோரம் வெள்ளை ஓடுகளைப் பாத்தி பாத்தியாகப் பதித்து ஒரு உப்பளமே போட்டேன். பக்கத்தில் பனைமரங்கள். அந்த விளையாட்டில் பனை கிடையாது, தென்னையைத்தான் பனை என்று வைத்துக்கொண்டேன்.

கல்யாணம் ஆகி ஸ்ரீவைகுண்டம் போகும்போது அதைப் பெட்டியில் வைத்தேன். அம்மா வெளியே எடுத்துவிட்டாள். "புருஷன் வீட்டுக்கு வெளையாட்டுச் சாமான் தூக்கிட்டுப் போவியா? அவங்க வீட்டுல என்ன நெனப்பாவ? பொறவு வந்து எடுத்துக்க." மறுவீட்டுக்கு மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக மேசை இழுப்பறையைத் திறந்தேன். காலி.

"அதுவா? கடக்கரைக்குக் கொண்டு போனேன், தண்ணியில விழுந்துட்டு. உப்புத்தண்ணி பட்டா தேறுமா? தூக்கிப் போட்டாச்சு" என்றான் அண்ணன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. துறைமுகத்தில் சரக்கு இறக்கிக் கொடுக்கும் கம்பெனியில் வேலை, பொய்யையும் அப்படித்தான் அலுங்காமல் இறக்கினான். நான் நம்பினேன். கொல்லையில் போய் அழுதேன். வீட்டுக்காரர் ஊர் ஏக்கம் என்று நினைத்துக்கொண்டு அல்வா வாங்கிக் கொடுத்தார்.

வருஷங்கள் போயின. போன கோடையில் வீட்டுக்காரர் தன் ஆபீஸ் நண்பரிடமிருந்து அதே மாதிரி மெஷின் ஒன்றைப் பழசாக வாங்கி வந்தார். யாருடைய கணக்கு என்று அது கேட்டது. பழைய மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் தட்டினேன். அந்த மெஷின்களில் ஒரு வசதி உண்டு. வைஃபை கிடைக்கும்போதெல்லாம், நாம் எதுவரை விளையாடியிருக்கிறோமோ அதன் நகல் தானாகவே கிளவுடுக்குப் போய்விடும். என் தீவு அங்கே பத்திரமாக இருந்தது. சந்தோஷத்தில் கத்தப் போனேன். அப்போதுதான் கீழே இருந்த வரியைப் பார்த்தேன். கடைசியாகச் சேமித்தது: நேற்று.

நேற்று! தண்ணியில் விழுந்து தொலைந்த மெஷின் நேற்றுச் சாயங்காலம் என் தீவை அனுப்பி வைத்திருக்கிறது.

இறக்கிப் பார்த்தேன். என் உப்பளம் அப்படியே இருந்தது. என் ரெட்டைச் சடைக்காரியும் இருந்தாள். புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் முதலிலிருந்து களை பிடுங்க வேண்டும், அதற்கு அண்ணனுக்கு உடம்பு வணங்குமா? மீசையும் தொந்தியுமாக ஒரு மனுஷன், இத்தனை வருஷமும் என் சடையைப் போட்டுக்கொண்டு என் கரையில் நடந்திருக்கிறான். என் முத்துகளை விற்று மாடி வீடு கட்டியிருக்கிறான். உப்பளத்துக்குப் பின்னால் கப்பல் கொடி, நீரூற்று, யானை பொம்மை என்று கல்யாண மண்டபம் போல ஆக்கி வைத்திருந்தான்.

போன் போட்டுச் சண்டை பிடித்திருக்கலாம். பிடித்தால், அப்பவே தருவதாகத்தான் இருந்தேன் என்று இன்னொரு பொய் வரும். எனக்கு வேண்டியது மெஷின் இல்லை. அது உன்னோடது என்று அவன் வாயால் ஒரு வார்த்தை. அதை வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பகலில் அவன் துறைமுகத்தில் இருப்பான். நான் தீவில் இருப்பேன். முதலில் யானை பொம்மையை விற்றேன். சேமித்தேன், கிளவுடுக்கு ஏற்றினேன். சாயங்காலம் அவன் மெஷினைத் திறந்ததும், இதைவிடப் புதிய பதிவு இருக்கிறது, எடுத்துக்கொள்ளவா என்று அது கேட்கும். ஆபீஸில் ஒவ்வொரு சரக்குக் காகிதத்தையும் எழுத்தெண்ணிப் படிக்கிறவன், இதைப் படிக்காமலே சரி என்று அழுத்திவிடுவான். அழுத்தினான்; அன்றிரவு அவன் ஏற்றிய பதிவிலும் யானை இல்லை. மறுநாள் நீரூற்றைப் பிடுங்கினேன். அதற்கு மறுநாள் கொடி. பிறகு மாடி வீட்டு நாற்காலிகளை ஒவ்வொன்றாக. அடுக்களை வேலை அவ்வளவு சுறுசுறுப்பாக எனக்கு என்றைக்கும் ஓடியதில்லை.

ஒரு வாரத்தில் அண்ணன் மனைவி, என் மதினி, போனில் கூப்பிட்டாள். "ஏளா, ஒங்க அண்ணன் ஒரு மாதிரி இருக்காவ. அந்த மெஷினுக்குள்ள யாரோ பூந்துட்டான்னு சொல்லுதாவ. கடையில குடுத்துப் பாத்தாவ, ஒண்ணும் இல்லன்னுட்டான். செய்வினையா இருக்குமோன்னு…" சட்டென்று நிறுத்தினாள்.

"எந்த மெஷின் மதினி?"

"அது… மிக்சி" என்றாள். பாவம், நல்ல மனுஷி. பொய் வராது.

அத்தோடு விட்டிருக்கலாம். விட மனசில்லை. அந்த விளையாட்டில் அக்கம்பக்கத்தாருக்கு ஒரு சொல் கற்றுக் கொடுக்கலாம். எந்தப் பேச்சையும் அந்தச் சொல்லோடுதான் முடிப்பார்கள். முதலில் பூனைக்குக் கற்றுக் கொடுத்தேன், ஆங்கில எழுத்தில் தமிழ் வார்த்தையாக: களவாணி. பிறகு ஆட்டுக்கு, கரடிக்கு, தபால் கொண்டுவரும் கொக்குக்கு. அன்றைக்குச் சாயங்காலம் அவன் ஆசையாகத் தீவில் இறங்கியிருப்பான். இன்றைக்கு நல்ல வெயில், களவாணி என்றிருக்கும் பூனை. சாப்பிட்டாச்சா, களவாணி என்றிருக்கும் ஆடு. அதை நினைத்துச் சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

மறுநாள் மத்தியானமே கூப்பிட்டான். பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

"ஏளா, நீதான பண்ணுத?"

"என்னத்தண்ணே?"

"நடிக்காத. தீவ."

"எந்தத் தீவு? தண்ணியில விழுந்துட்டுன்னல்லா சொன்ன?"

குரலைக் குழைத்தான். "செரி, விடு. அன்னைக்கு ஏதோ சொல்லிட்டேன். பகல்ல நீ வெளையாடு, சாயங்காலம் நான் வெளையாடுதேன்."

"அது யாருதுன்னு சொல்லு. பொறவு பாப்போம்."

"இத்தன வருசம் களை புடுங்குனது யாரு? நான் இல்லன்னா காடாக் கெடந்திருக்கும்."

"யாருது?"

"கட்டிக் குடுத்த பொறவு இங்கன கெடக்கது ஒன்னோடதா?"

போனை வைத்தேன். கையோடு பாஸ்வேர்டை மாற்றினேன். மற்ற மெஷின்களிலிருந்து இந்தக் கணக்கை நீக்கவா என்று கேட்டது. நீக்கு என்றேன். அவன் கட்டிய மாடி வீட்டைச் சாயங்காலத்துக்குள் இடித்து, அந்த இடத்தில் இன்னும் நாலு பாத்தி உப்பளம் போட்டேன். ஒரு துளி வருத்தமும் வரவில்லை. நல்லாத் தூங்கினேன்.

ஒரு மாதம் கழித்து மதினி சொன்னாள், அவன் சொந்தமாகக் கணக்குத் தொடங்கி முதலிலிருந்து விளையாடுகிறானாம். வெறுந்தீவில் களை பிடுங்குகிறானாம். பிறகு அவனிடமிருந்து நட்புக் கோரிக்கை வந்தது. ஏற்றுக்கொண்டேன். சமாதானம் ஆகிவிட்டோம் என்று மதினிக்கு ஒரே மகிழ்ச்சி. அப்படியெல்லாம் இல்லை. ஏற்காவிட்டால் அவனால் என் துறைக்கே வர முடியாது.

இப்போது தினமும் சாயங்காலம் வருகிறான். படகுத்துறையில் மீசை வைத்த குட்டை ஆள் ஒருவன், தொடக்கத்தில் தரும் அதே பழுப்புச் சட்டையோடு நிற்கிறான். முதல்முறை வருகிறவர் உள்ளே வர உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரே வாசகம்தான், விளையாட்டே எழுதி வைத்தது, மாற்ற முடியாது. அவன் அதை அழுத்துகிறான், என் திரையில் அவன் பெயருக்குக் கீழே வருகிறது: உங்கள் தீவுக்கு வரலாமா?

'உங்கள்' என்பதை நிதானமாகப் படிக்கிறேன். அப்புறம் 'வேண்டாம்' என்பதை அழுத்துகிறேன். ஒருமுறை உள்ளே விட்டுவிட்டால் நாளைக்கு அவன் அதைக் கேட்க வேண்டியிருக்காது.