இரண்டு படி கல்லுப்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வயதாகி இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது. எண்பதுகளின் நடுவில், தர்மபுரியில் நிலத்தடி நீர் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொட்டதற்கெல்லாம் சுள்ளென்று வந்துவிடும். அதிலும் யாராவது என் மெஷினைச் சந்தேகப்பட்டால் தொலைந்தார்கள்.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கைப்பிடி வைத்த ஒரு பெட்டி, நாலு இரும்பு முளைகள், சுருள் சுருளாக ஒயர், அவ்வளவுதான். முளைகளை நேர்கோட்டில் மண்ணில் அடித்து மின்சாரம் விட்டால், அடியில் இருக்கும் பாறை அதை எவ்வளவு தடுக்கிறது என்று முள் காட்டும். முழுப்பாறை நன்றாகத் தடுக்கும். பாறையில் வெடிப்பும் வெடிப்பில் தண்ணீரும் இருந்தால் மின்சாரம் சுலபமாக ஓடும், முள் இறங்கும். காய்ந்த மண்ணில் முளை சரியாகப் பிடிக்காது என்பதால், அதன் காலடியில் ஒரு சொம்பு உப்புத்தண்ணீர் ஊற்றிக்கொள்வோம்.

பெட்டியின் கைப்பிடியில் என் அம்மா ஒரு மாதா பதக்கத்தைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டிருந்தார். நாங்கள் காரிமங்கலம் பக்கம் மானாவாரி வெள்ளாமை பார்த்த கத்தோலிக்கக் குடும்பம். மழைக்காக ஜெபமாலை சொல்லிச் சொல்லியே வளர்ந்தவன் நான். எம்.எஸ்சி. முடித்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் சுவிட்சைத் தட்டும் முன் ஒரு சிலுவை போட்டுக்கொள்வேன். அதை யாரும் கவனிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரூரிலிருந்து தீர்த்தமலை போகிற வழியில் ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயி, அவர் மனைவி, மூன்று ஏக்கர் வெள்ளாமைக் காடு, ஒரு ஜோடி மாடு. கிணறு வற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆழ்துளை போடும் போர் வண்டியை ஒரே ஒரு தடவை கூட்டிவரத்தான் அவர்களுக்குச் சக்தி இருந்தது. "தண்ணி வரலீன்னா மாட்டக் குடுத்துட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருவமுங்க சார்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சொல்லும்போது மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். எப்படியாவது இவர்களுக்குத் தண்ணீர் காட்டிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அந்த அம்மாளுக்குக் காட்டின் வடகிழக்கே, ஈசானி மூலை மேல்தான் கண். சரி, அங்கேயே ஆரம்பிப்போம் என்று முளை அடித்தோம். மண் ஈரமாகவே இருந்தது. ஒரு சொம்பு உப்புத்தண்ணீர் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். சிலுவை போட்டேன், சுவிட்சைத் தட்டினேன். முள் மளமளவென்று இறங்கியது. நான் குதிக்காத குறை. "இங்கதாங்க போர்" என்று அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டுவிட்டு, ஜீப்பில் சீட்டியடித்துக்கொண்டே ஊர் திரும்பினேன்.

நாலாம் நாள் அந்த விவசாயி பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்து நின்றார். முகமே சரியில்லை.

"சார், ஆத்தா அந்த எடத்துக்கு உத்தரவு குடுக்கலீங்க."

அவர்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பூக்கேட்கிற வழக்கம். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை என்றால் உத்தரவு, சிவப்பு என்றால் வேண்டாம். இவருக்குச் சிவப்பு வந்திருக்கிறது.

எனக்கு ஏறியது பாருங்கள். "ஏங்க, அரசாங்கம் எதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்குது? பூவப் பிரிச்சுப் பாத்தா போதும்னா நான் எதுக்கு வெயில்ல ஒயரை இழுத்துட்டுத் திரியணும்?" என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள்.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்களும் நெத்தியத் தொட்டு, நெஞ்சத் தொட்டுத்தான சுச்சு போட்டீங்க? நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். உங்காத்தா உங்க பொட்டியில தொங்குறா, எங்காத்தா கோயில்ல குந்தியிருக்கா. நீங்க மொதல்லயே கேட்டுக்கிட்டீங்க. நான் கடைசில கேட்டேன், அவ்ளோதானுங்க."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள்.

"அப்புறம் இன்னொரு பூப் போட்டமுங்க" என்றார் விவசாயி. "இந்தத் தடவ எடத்தக் கேக்கல. இந்தச் சார நம்பலாமான்னு கேட்டேன். வெள்ளை வந்துருச்சு."

"அப்ப என்னதாங்க பண்ணச் சொல்றீங்க?"

"எடம் சரியில்ல, ஆளு சரிதான்னு சொல்றா. அதான், நீங்களே இன்னொருக்கா வந்து பாத்துக் குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினேன். உண்மையைச் சொல்கிறேன், அம்மன் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் போனேன். கோயிலில் பாதிரியார் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தது வழியெல்லாம் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஈசானி மூலை மண் இப்போது காய்ந்து கிடந்தது. என்னுடன் வந்த ஆள் முளைக்குப் பக்கத்தில் உப்புத்தண்ணீரை ஊற்றினான். அந்த அம்மாள் அருகில் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க சார், அன்னிக்கு நான் ஊத்துனது பத்தலீங்களா?"

"என்னது ஊத்துனீங்க?"

"ரெண்டு படி கல்லுப்புங்க. பக்கத்துக் காட்டுல நீங்க பாத்தப்ப, முளைக்கு உப்புத்தண்ணி ஊத்தித்தான கும்புட்டீங்க. உங்க பூசை அப்படித்தான்னு நெனச்சேன். மாரியாத்தாளுக்கும் உப்புத்தான போடுவோம். அதான், நீங்க வர்றதுக்கு மொத நாளு சாயங்காலமே அந்த மூலையில நெறையா போட்டு, எட்டுக் கொடம் தண்ணி ஊத்தி வெச்சேனுங்க."

நான் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தேன். ஊறுகாய் தோற்றது. உப்பு ஊறிய மண்ணில் மின்சாரம் தண்ணீரில் ஓடுவதைப் போலத்தான் ஓடும். கண்டது உப்பையா தண்ணீரையா என்று பாவம், முள்ளுக்கு எப்படித் தெரியும். ஒயரைத் தள்ளிப்போட்டு, உப்புப் படாத மண்ணில் முளை அடித்துப் பார்த்தேன். அடியில் வெடிப்பே இல்லாத முழுப்பாறை. அங்கே போர் போட்டிருந்தால் மாடு சந்தைக்கும் இவர்கள் பெங்களூருக்கும் போயிருப்பார்கள்.

அந்த அம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் செத்துப்போனது. "அய்யோ, நானே குடும்பத்தக் கெடுத்திருப்பேனே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு மட்டும் எனக்குக் கோபமே வரவில்லை. "உங்க மேல தப்பில்லீங்க அக்கா" என்றேன். "ரெண்டு வருஷமா மழையில்லாத காட்டுல ஒரு மூலை மட்டும் எப்படி ஈரமா இருக்கும்னு நான் கேட்டிருக்கணும்." கேட்கவில்லை. தண்ணீர் காட்டு தாயே என்று வேண்டிக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன், முள் இறங்கியதும் வேண்டுதல் பலித்துவிட்டது என்று கல்லை நட்டுவிட்டேன். மாதாவும் என்ன செய்வாள், பார்க்க வேண்டியதை நான்தானே பார்க்க வேண்டும். அந்த விவசாயி தன் சாமியிடம் இரண்டு தடவை கேட்டார். நான் என் மெஷினிடம் ஒரு தடவைதான் கேட்டேன்.

சாயங்காலம் வரை காடு முழுக்க ஒயரை இழுத்தோம். மேற்கே, கரட்டுக் குன்றின் அடியில், இரண்டு பனைமரங்களுக்கு நடுவில் முள் இறங்கியது. முளை வரிசையை வேறு திசையில் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் இறங்கியது. மண்ணை நக்கியும் பார்த்துக்கொண்டேன்.

"போயிப் பூக் கேட்டுட்டு வாங்க, நான் இருக்கேன்" என்றேன் விவசாயியிடம்.

அவர் சிரித்தார். "வேண்டாமுங்க. உங்கள நம்பலாம்னுதான் சொல்லிட்டாளே. சும்மா சும்மா கேட்டா அவளுக்கும் கோவம் வருமுங்க, உங்களாட்டம்."

போர் போட்ட அன்று ஆபீசில் சொல்லிவிட்டு, மெஷினோடு ஜீப்பில் போய் நின்றேன். பாறை வெள்ளைப் பொடியாகப் பறந்துகொண்டே இருந்தது. நூறு அடி, நூற்றைம்பது அடி, பொடிதான். விவசாயி வண்டியைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்தபடி நின்றார். நான் ஒரு கையில் பெட்டியிலிருந்து அவிழ்த்த மாதா பதக்கத்தையும் இன்னொரு கையில் என் கணக்குத் தாளையும் பிடித்திருந்தேன். இரண்டும் வியர்வையில் நனைந்துவிட்டன.

நூற்றெண்பது அடியில் பொடி கறுத்தது. அப்புறம் சேறு. அப்புறம் தண்ணீர் பீறிட்டுப் பனையோலையில் போய் அடித்தது. விவசாயி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன், வெட்கமென்ன.

அந்த அம்மாள் வீட்டுக்கு ஓடிப்போய் முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வந்தார். போர் குழிக்குப் பக்கத்தில் வந்ததும் அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தார். முடிச்சில் கல்லுப்பு.

"இப்பப் போடலாமுங்களா சார்?"

"இருங்க அக்கா" என்று ஜீப்பை எட்டிப் பார்த்தேன். மெஷின் பத்திரமாகப் பின்சீட்டில் இருந்தது, முளை ஒன்றும் மண்ணில் இல்லை. திரும்பி வந்து கையை நீட்டினேன்.

"ம், போடலாம். எனக்கும் ஒரு கை குடுங்க."