பின்னாடி பாத்தீங்களா?

மாலை ஐந்தே காலுக்கு அழைத்தபோது மகளின் போன் அணைந்திருந்தது. பழைய டிவியில் இணையப் படங்கள் பார்க்க, அதில் செருகும் விலை குறைந்த ஸ்டிக் வாங்க அறந்தாங்கி கடைத்தெருவுக்குத் தனியாகப் போயிருந்தாள். பதறியடித்து அவள் சொல்லியிருந்த கடைக்கு ஓடினேன்.

"ஸ்டிக் வாங்க..." என்று நான் ஆரம்பித்ததுமே, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய கடைக்காரர், "ஸ்டிக்கா? பின்னாடி பாத்தீங்களா?" என்றார்.

மகள்தான் நிற்கிறாளென்று சட்டெனத் திரும்பினேன். யாருமில்லை.

"டிவிக்குப் பின்னாடிங்க. எச்.டி.எம்.ஐ. ஓட்டை இல்லாட்டி மாட்ட முடியாது. பாக்காம வந்தா யாருக்கும் தரமாட்டேன்."

"எம் பொண்ணு வந்துச்சா?"

"பச்சைச் சுடிதாரா? பாத்துட்டு வாரேன்னு வீட்டுக்குப் போச்சு. நீங்க இங்கிட்டு வர, அது அங்கிட்டு போயிருக்கும்."

அப்படியே முக்காலியில் உட்கார்ந்தேன். வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் இந்த மனிதர் எப்படித்தான் கடை நடத்துகிறாரோ!

மூச்சிரைக்க மகள் வந்து நின்றாள்.

"ரெண்டு ஓட்டை இருக்கும்மா! போன்லதான் சார்ஜ் இல்ல."