மூக்குக் கறுத்த முயல்

துரைசாணியின் முயலுக்கு முதலில் கறுத்தது மூக்கு. அடுப்புக்கரி என்று நினைத்து அம்மா முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா பெரிய கிளாக்கர். துரையின் வெள்ளைக்கார மனைவியான துரைசாணி கொழும்பில் வாங்கி வந்த அந்தக் குட்டி அப்படி ஒரு வெள்ளையாக இருந்தது. வாங்கிய கையோடு அவர் துரையுடன் ஆறு மாத லீவில் சீமைக்குப் புறப்பட்டார். பங்களாவில் விட்டால் சமையல்காரன் கறியாக்கிவிடுவான் என்று எங்கள் வீட்டில் ஒப்படைத்தார். முந்திய வருஷம் இப்படித்தான் ஒரு வான்கோழியை, ஆலையில் தேயிலை பதப்படுத்தும் டீமேக்கரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அது காணாமல் போயிற்று. மறுவாரம் டீமேக்கரும் தோட்டத்தில் இல்லை. ஆகவே அந்த முயலுக்கு எங்கள் வீட்டில் நடந்த உபசாரம் பெற்ற பிள்ளையான எனக்கு நடந்ததில்லை.

மூக்குக்குப் பிறகு காதுகள், அப்புறம் பாதங்கள், கடைசியில் வால். அம்மா சீயக்காய் தேய்த்து, பீலிக் குழாயில் கொட்டும் மலைத் தண்ணீரில் தினமும் அதைக் குளிப்பாட்டினாள். குளிப்பாட்டக் குளிப்பாட்ட அது இன்னும் கறுத்தது. ஒரு மாதம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. இனி முளைப்பதாவது வெள்ளையாக முளைக்கும் என்று காத்திருந்தோம். காதில் முளைத்ததெல்லாம் மைக்கறுப்பு. போதாக்குறைக்கு உடம்பும் பெருத்து, தாடைக்குக் கீழே பைபோல ஒரு சதை தொங்க ஆரம்பித்தது.

"என்னாங்க, கழல கிழல வந்திருச்சோ?" என்று அம்மா அதற்கு விளக்கெண்ணெய் தடவினாள்.

இன்று என் மகனுக்குக் குரல் உடைந்ததற்கே வைத்தியரிடம் ஓடியவன் நான். அந்த நடுக்கம் எனக்குத் தொற்றியது அங்கேதான்.

துரைசாணி திரும்பி வரும் செய்தி வந்ததும், அம்மாவின் தம்பியான மாமா முயலைத் தூக்கிப் பார்த்தார்.

"இத அவங்க முன்னால நிறுத்துனீங்கன்னா, அவங்க முயல தின்னுப்புட்டு எவன் முயலயோ காட்டுறோம்னுதான் சொல்லுவாங்க, அத்தான்."

"அதுக்கு?"

"பதுளயில நம்ம கடைக்கார நானா வீட்டுல வெள்ள முயல் நிக்கிது. ஒண்ணு வாங்கியாந்திடுறேன்."

"என்னயப் பொய் சொல்லச் சொல்றியா?"

"நீங்க எதுக்கு வாயத் தொறக்கணும்? முயல மட்டும் நீட்டுங்க."

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தோட்டத்துக் கிறிஸ்தவர்களுக்கு வேதம் வாசிக்கிறவர். வாயைத் திறக்காவிட்டால் அது பொய்யாகாது என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மாமா பதுளையிலிருந்து சுண்ணாம்புபோல் வெளுத்த முயல் ஒன்றுடன் வந்தார். எங்களுடையது சமையற்கட்டில், கொழுந்துக் கூடைக்கு அடியில் போயிற்று. "மூச்சு விட்டியோ, தோலை உரிச்சிருவேன்" என்று மாமா சொன்னது என்னிடமா முயலிடமா என்று தெரியாமல் நாங்கள் இருவருமே அடங்கியிருந்தோம்.

துரையும் துரைசாணியும் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். துரைசாணி வெள்ளை முயலை வாங்கி, மூக்கைப் பார்த்தார். காதைப் புரட்டிப் பார்த்தார்.

"கிளாக்கர், இது நம்ம முயல் இல்லே."

"அதேதான், மேடம்" என்றார் அப்பா, தம் மிக நல்ல இங்கிலீஷில். வாயைத் திறப்பதில்லை என்ற ஏற்பாடு அத்தோடு முடிந்தது.

"நம்ம முயல் குளிர்லே மூக்கு, காது எல்லாம் கறுக்கிற ஜாதி. ஆறு மாசம் இந்தக் குளிர்லே இருந்திச்சு. ஏன் கறுக்கலே?"

துரை பிரம்பைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "கறி நல்லா இருந்திச்சா, கிளாக்கர்?"

டீமேக்கர் வீட்டுச் சாமான்கள் மாட்டு வண்டியில் ஏறியதை நான் பார்த்திருந்தேன். உள்ளே ஓடிக் கூடையைத் தூக்கினேன். எங்கள் மூக்குக் கறுத்த முயலை அணைத்துக்கொண்டு வந்து துரைசாணி கையில் கொடுத்தேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. தாடைச் சதையைத் தொட்டு, "பொம்பளை முயல். வளர்ந்தா இப்பிடித்தான்" என்று சிரித்தார். விளக்கெண்ணெய் அவர் கையுறையெல்லாம் ஒட்டியது.

"அப்போ இந்த வெள்ளை?"

"அது... சும்மா, அதுக்குத் தொணைக்கு வாங்கினதுங்க தொரசாணி" என்றார் மாமா.

துரை அப்பாவைப் பார்த்து அட்டகாசமாகச் சிரித்தார். துரைசாணி இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார். வேலை போகவில்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், கருப்பட்டி தந்தாள். அப்பாவும் ஏதாவது சொல்வார் என்று நான் அவர் எதிரிலேயே போய் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. முயலை நாம் தின்னவில்லை என்று துரைக்கே தெரிந்துவிட்டது. அதற்கப்புறமும், தின்று அகப்பட்டவர்போல இவர் ஏன் என்னைப் பார்க்கக் கூசுகிறார் என்று, வாய் நிறையக் கருப்பட்டியுடன் நின்ற எனக்கு விளங்கவேயில்லை.